சூரைச் செடியின் நிழலில்

பிப்ரவரித் திங்கள் 11ஆம் நாள் லூர்து அன்னையின் திருநாள். தாரஸ் அடிகளாரின் நினைவைச் சுமந்து நிற்கும் லூர்து அன்னை ஆலயத்தை உடைய நம் சேத்துப்பட்டுக்கு அது வெறும் நாள்காட்டித் திருநாள் அன்று, வீட்டுத் திருநாள். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அதே நாளை உலக நோயாளர் நாளாக அறிவித்தார். 1993 முதல் திருச்சபை அதனைக் கடைப்பிடித்து வருகிறது. அன்று நோயாளர்கள் வரிசையாக வந்து அமர்கிறார்கள். ஆரணியிலிருந்து தறிக்குழியில் அமர்ந்து அமர்ந்து இடுப்பு ஒடிந்த நெசவாளர், போளூர்ப் பக்கத்திலிருந்து கண் மங்கிய பாட்டி, தோளில் காய்ச்சற் குழந்தையைச் சாய்த்த இளந்தாய் என ஒவ்வொருவரும் தத்தம் நோவைக் கைகாட்டிச் சொல்லத் தெரிந்தவர்கள்.

அந்த வரிசைக்கு வராத நோயாளர் சிலர் உண்டு. அவர்கள் நோய் குணமானவர்கள். மருத்துவர் நற்சான்று தந்துவிட்டார். உறவினர் நன்றித் திருப்பலிக்குக் காணிக்கையும் செலுத்திவிட்டனர். ஆனால் மருந்து உடலை விட்டுப் போகும்போது எதையோ உள்ளத்தில் விட்டுச் சென்றுவிட்டது. காரணமற்ற சினம், காரணமற்ற கண்ணீர், உறக்கமின்மை, எதிலும் ஒட்டாத மனம். "நோய்தான் போயிடுச்சே, இன்னும் என்ன?" என்று உலகம் கேட்கிறது. அவர்களுக்கும் விடை தெரிவதில்லை. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நான் அவர்களுள் ஒருவனாக இருந்தேன். அதைச் சொல்லவே இக்கட்டுரை.

1994இல், இறையியல் மாணவனாக இருந்த காலத்தில், ஒரு சாலை விபத்தில் கால் முறிந்து மிகுதியாக இரத்தம் இழந்தேன். எனக்கு இரத்தம் ஏற்றினார்கள்; பிழைத்தேன். ஹெப்படைட்டிஸ் சி என்னும் கல்லீரல் வைரஸ் 1989இல்தான் அடையாளம் காணப்பட்டிருந்தது. தானமாகப் பெறும் இரத்தத்தில் அதனைத் தேடிப் பார்க்கும் சோதனை நம் நாட்டில் 2001இல்தான் கட்டாயமாக்கப்பட்டது. ஆகவே எனக்கு உயிர் தந்த இரத்தத்தோடு அந்த வைரசும் வந்து சேர்ந்ததை நான் அறியவில்லை. எவரையும் இதில் குறை சொல்வதற்கில்லை. பதினாறு ஆண்டுகள் அது என் கல்லீரலில் ஓசையின்றிக் குடியிருந்தது. 2010இல் வேறொன்றிற்காகச் செய்த சோதனையில் வெளிப்பட்டபோது கல்லீரல் இறுகத் தொடங்கியிருந்தது.

அந்நாளில் அதற்கு இருந்த மருத்துவம் இன்டர்பெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையுமே. வாரம் ஓர் ஊசி, நாள்தோறும் மாத்திரை. என்னைப் பற்றியிருந்த வகைக்கு 48 வாரங்கள். இன்டர்பெரான் என்பது அயலிலிருந்து வந்த நஞ்சு அன்று. வைரஸ் நுழைந்ததும் நம் உடலே சுரந்து, அண்டையிலுள்ள உயிரணுக்களை எச்சரிக்கும் பொருள் அது. 1957இல் ஐசக்ஸ், லின்டன்மன் என்னும் இரு அறிவியலாளர் அதனைக் கண்டறிந்தனர். காய்ச்சல் வந்தால் உடம்பெல்லாம் நொந்து, எவரோடும் பேசப் பிடிக்காமல் சுருண்டு படுக்கிறோமே, அந்தச் சோர்வை உண்டாக்குவதில் இத்தகைய பொருள்களுக்குப் பங்குண்டு. அதையே பெருமளவில், ஓராண்டுக் காலம், வாரந்தோறும் உடலில் செலுத்துவதுதான் அந்தச் சிகிச்சை.

மருத்துவர் நல்லவர். காய்ச்சல் வரும், முடி உதிரும், இரத்தம் குறையும் என்று சொன்னவர், இறுதியில், "சாமி, கோபம் வரும், அழுகை வரும். வந்தா என்கிட்ட மறைக்காமச் சொல்லணும். கூட இருக்கிறவங்ககிட்டயும் முன்னாடியே சொல்லி வைச்சிடுங்க" என்றார். நான் புன்னகைத்தேன். பதினைந்து ஆண்டு குருத்துவ வாழ்வு, நாள்தோறும் தியானம், ஆண்டுதோறும் ஞான ஒடுக்கம். ஓர் ஊசியா என் குணத்தை மாற்றிவிடும்? அது விசுவாசம் என்று அன்று நினைத்தேன். அகந்தை என்று இன்று அறிகிறேன்.

நான் எவரிடமும் சொல்லவில்லை. அதற்கு வேறொரு காரணமும் உண்டு. நம் ஊர்களில் கல்லீரல் கெட்டது என்றாலே குடித்துக் கெடுத்துக்கொண்டான் என்றுதான் பொருள். ஒரு குருவானவருக்குக் கல்லீரல் நோய் என்று தெரிந்தால் ஊர் என்ன பேசும் என்று அஞ்சினேன். ஞாயிறு மாலை, திருப்பலிகள் அனைத்தும் முடிந்தபின், அறைக் கதவைத் தாழிட்டு நானே ஊசி போட்டுக்கொள்வேன். திங்களன்று காய்ச்சலோடு கிடப்பேன். "சாமிக்கு உடம்பு சரியில்லை" என்பதற்கு மேல் பங்கு மக்களுக்கு ஒன்றும் தெரியாது.

2011 டிசம்பரில் ஊசிகள் முடிந்தன. ஆறு மாதம் கழித்துச் செய்த சோதனையில் இரத்தத்தில் வைரஸ் இல்லை. தனியாக நன்றித் திருப்பலி நிறைவேற்றினேன். எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணினேன்.

முடியவில்லை. சிகிச்சைக் காலத்தில் வந்த எரிச்சல், சிகிச்சை முடிந்தபின் விலகுவதற்கு மாறாக என் வீட்டிலேயே தங்கிவிட்டது. மறைக்கல்வி வகுப்பில் சிரித்த சிறுவன்மேல் சாக்குக்கட்டியை வீசினேன். அன்பியக் கூட்டத்தில் பாதியில் எழுந்து வந்தேன். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு, அதன்பின் உறக்கமில்லை. கட்டளைச் செபத்தின் வரிகள் கண்முன் ஓடும். ஒன்றும் உள்ளே இறங்காது. ஒருநாள் அடக்கத் திருப்பலியில் இறந்தவரின் மகள் கதறி அழுதபோது என்னுள் எதுவும் அசையவில்லை. அதற்கு மறுநாள், காலணியின் வார் அறுந்ததற்காக அரைமணி நேரம் அழுதேன்.

பின்னர் 2013ஆம் ஆண்டின் பெரிய வியாழன் வந்தது. நான் அப்போது பணியாற்றியது ஆரணிப் பட்டு நெய்யும் குடும்பங்கள் வாழும் ஒரு பங்கு. எங்கள் கோவில்பிள்ளையும் நெசவாளரே. அறுபதைக் கடந்தவர். பகலில் தறி, காலையும் மாலையும் கோவில் மணி என்று முப்பது ஆண்டுகளாக வாழ்ந்தவர். அன்று மாலை பாதம் கழுவும் சடங்கு. பன்னிருவர் அமர்ந்துவிட்டனர். தாம்பாளம் இருந்தது, தண்ணீர் இருந்தது. துவாலையை எடுத்து வைக்க அவர் மறந்துவிட்டார். "முப்பது வருஷமா என்னத்தக் கிழிச்ச? அறிவில்ல?" என்று கத்தினேன். கழுத்துப் பட்டையில் பொருத்தியிருந்த ஒலிவாங்கி இயங்கிக்கொண்டிருந்தது. ஆலயத்தினுள் இருந்தவர் மட்டுமல்ல, வெளியே தெருவில் நின்றவர்களும் கேட்டனர். தந்தையின் வயதுடையவரை அன்றுவரை நான் ஒருமையில் அழைத்ததில்லை. அவர் ஓடிச் சென்று துவாலையைக் கொண்டுவந்து, இரு கைகளாலும் என்னிடம் நீட்டினார். அந்தத் துவாலையால் பன்னிருவரின் பாதங்களையும் துடைத்தேன்.

சனிக்கிழமை காலை அவருடைய மனைவி வந்தார். கோவில் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார். "அவருக்கு இனி முடியாதாம் சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சென்றார். அன்றிரவு பாஸ்கா திருவிழிப்பில் உன்னதங்களிலே பாடும் நேரத்தில் மணியை யாரோ சிறுவர் அடித்தனர்.

நான் இதனைப் பாவமென்றே கொண்டேன். அலகையின் சோதனை, செபத்தில் குறைவு, குருத்துவ அழைத்தலுக்குத் துரோகம் என்று என்னை நானே தீர்ப்பிட்டுக்கொண்டேன். வாரந்தோறும் ஓய்வுபெற்ற ஒரு முதிய குருவிடம் ஒப்புரவு அருட்சாதனம் பெற்றேன். வாரந்தோறும் அதே சினம், அதே தண்டனைச் செபம், அதே தோல்வி. கேட்டவர் வாய் திறக்கக் கூடாது; ஆனால் அறிக்கையிட்டவன் சொல்லலாம். ஆகவே சொல்கிறேன். அந்த உயிர்ப்புக் காலத்தில் ஒருநாள், எத்தனை முறை சினந்தேன் என்று நான் எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் குறுக்கிட்டார். "எத்தனை தடவைங்கிறது இருக்கட்டும். எப்போதிலிருந்து?" என்றார்.

எப்போதிலிருந்து? நான் எண்ணிப் பார்த்தேன். நான் முன்கோபியாகப் பிறந்தவன் அல்லன். குருமடத்தில் என்னைச் சோம்பேறி என்று திருத்தியவர்கள் உண்டு. கோபக்காரன் என்று சொன்னவர் ஒருவருமில்லை. கணக்குப் பார்த்தால் அந்த ஊசியின் இரண்டாம் மாதத்தில் போய் நின்றது. முதல்முறையாக அந்தச் சிகிச்சையைப் பற்றி அவரிடம் சொன்னேன். அவர் பாவமன்னிப்பு அளித்தார். பின்பு, "அடுத்த தடவை என்கிட்ட வர்றதுக்கு முன்னால டாக்டர்கிட்ட போயிட்டு வாங்க" என்றார். நான் பெற்ற ஞான ஆலோசனைகளில் அதைவிடச் சிறந்தது ஒன்றில்லை.

மருத்துவர் வியப்படையவில்லை, ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்றுதான் வருந்தினார். இன்டர்பெரான் பெற்றவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வந்ததாக ஆய்வுகள் கூறுகின்றன. உணவிலிருந்து கிடைக்கும் டிரிப்டோபான் என்னும் பொருளைக் கொண்டு மூளை செரோட்டோனினை ஆக்குகிறது; மனத்தின் சமநிலைக்கு அது உதவுகிறது. இன்டர்பெரான் அந்த மூலப்பொருளை வேறு வழியில் திருப்பிவிடுகிறது. மூளையின் தற்காப்பு அணுக்களையும் கிளறிவிடுகிறது. பெரும்பாலோருக்கு ஊசி நின்ற சில வாரங்களில் அல்லது மாதங்களில் இவை தணிகின்றன. சிலருக்கு நீடிக்கின்றன. சிலருக்கு அம்மருந்து தைராய்டு சுரப்பியையும் தாக்குகிறது. அது ஊசி நின்ற பின்னும் தொடரலாம். தைராய்டு குறைந்தாலும் மனம் சோர்கிறது. எளியதோர் இரத்தச் சோதனை அதனைக் காட்டிவிடும். எனக்குக் காட்டியது. அதற்கொரு மாத்திரை, அத்துடன் மனநல மருத்துவரிடம் ஒரு சீட்டு. அந்தச் சீட்டை ஒரு வாரம் விவிலியத்திற்குள் ஒளித்து வைத்திருந்தேன். வெட்கத்தின் வேர் அவ்வளவு ஆழமானது. பின்னர் சென்றேன். ஓராண்டுக்குமேல் மாத்திரை உட்கொண்டேன், மாதமொருமுறை உரையாடினேன்.

இறைவாக்கினர் எலியாவை அப்போதுதான் நான் புதிதாகச் சந்தித்தேன். கார்மேல் மலையில் வெற்றி பெற்றவர் அவர். வெற்றிக்குப் பின்னரே பாலைநிலத்தில் ஒரு சூரைச் செடியின் அடியில் அமர்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்கிறார். தோற்றவர் சோர்வதை உலகம் பொறுத்துக்கொள்கிறது. வென்றவர் சோர்வதை அதனால் விளங்கிக்கொள்ள முடிவதில்லை. ஆனால் ஆண்டவரின் தூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. உன் விசுவாசம் எங்கே என்று கேட்கவுமில்லை. தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி உறங்கவிட்டார், மறுபடியும் எழுப்பி ஊட்டினார். பயணம் நெடியது என்பதைத் தூதரே சொன்னார். ஓரேபு மலையில் கடவுளின் குரலைக் கேட்குமுன் எலியாவுக்குத் தேவைப்பட்டவை உணவும் உறக்கமும்தான். பதினைந்து ஆண்டுகளாக அப்பகுதியைப் பற்றி மறையுரை ஆற்றியிருந்தேன், இதனைக் கண்டதில்லை.

சரி, அப்படியானால் பெரிய வியாழனன்று நான் செய்தது பாவமில்லையா? குருமடத்தில் ஒழுக்க இறையியல் வகுப்பில் முதலில் கற்றுத்தரும் வேறுபாடு ஒன்றுண்டு. அறிந்து, விரும்பிச் செய்வது ஒன்று. மனிதனிடமிருந்து நிகழ்ந்துவிடுவது வேறொன்று. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் தன் 1735ஆம் எண்ணில், அறியாமை, அச்சம், பழக்கம், உளவியல் காரணிகள் போன்றவற்றால் ஒரு செயலுக்கான பொறுப்பு குறையலாம், இல்லாமலும் போகலாம் என்று போதிக்கிறது. இதனைப் பிறருக்குக் கூறி நான் ஆறுதல் அளித்திருக்கிறேன். எனக்கென்று வந்தபோது இரு குழிகள் என்முன் இருந்தன. எல்லாமே என் பாவம் என்று என்னை நசுக்கிக்கொள்வது ஒன்று. எல்லாமே மருந்தின் வேலை என்று கைகழுவிக்கொள்வது மற்றொன்று. முதற்குழியிலிருந்து மருத்துவர் என்னைத் தூக்கிவிட்டார். இரண்டாவதில் விழாமல் காத்தவர் கோவில்பிள்ளை.

மே மாதத்தில் ஒரு பிற்பகல் அவர் வீட்டிற்குச் சென்றேன். தறிக்குழியில் கால்களை இறக்கி நெய்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழ முயன்றார். வேண்டாம் என்று சொல்லித் தரையில் அருகே அமர்ந்தேன். ஊசி, மாத்திரை, தைராய்டு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிக்கொண்டே வரும்போது எனக்கே தெரிந்தது, நான் மன்னிப்புக் கேட்கவில்லை, வழக்காடிக்கொண்டிருக்கிறேன் என்று. நிறுத்திவிட்டு, "மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும் ஐயா. உங்கள எல்லார் முன்னாலயும் அவமானப்படுத்திட்டேன். மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவர் சற்றுநேரம் பேசவில்லை. பின்பு சொன்னார்: "ஒரு வருஷமா ஊர்ல பேசிக்கிறாங்க சாமி, சாமியாரு குடிக்கிறாருன்னு. கண்ணு செவக்குது, கை நடுங்குது, கத்துறாருன்னு. டீக்கடையில நான் சண்ட போட்டேன், எங்க சாமி அப்படி இல்லன்னு. அப்போ என்னதான் அவருக்குன்னு கேட்டாங்க. சொல்றதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல. நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் அவங்களுக்குச் சொல்லியிருப்பேன்."

அந்த ஒலிவாங்கியில் நான் கத்தியதைவிட இது என்னை அதிகம் சுட்டது. எந்தப் பழிக்கு அஞ்சி நான் மறைத்தேனோ அதே பழி என்னைத் தேடி வந்தது. என்னிடம் அன்பு கொண்டவர் கையில் ஆயுதமின்றி எனக்காகப் போராடியிருக்கிறார். சினத்தில் என் பொறுப்பு எவ்வளவு என்பதை இறைவனே அறிவார். மௌனத்தில் இருந்த பொறுப்பு முழுவதும் என்னுடையது. முன்கூட்டியே சொல்லி வை என்று மருத்துவர் கேட்டார், நான் மறுத்தேன். அந்த மறுப்பு தெளிந்த மனத்தோடு, எந்த மருந்தும் உடலில் ஏறுமுன்னர் நான் செய்தது.

நான் தலைகுனிந்திருந்தபோது அவர் நாடாவைக் கையில் எடுத்தார். "இழ அறுந்தா, யாரால அறுந்துச்சுன்னு பார்த்துக்கிட்டு உக்காந்தா தறி நிக்கும் சாமி. முடிச்சுப் போட்டாத்தான் ஓடும்" என்றார். மறுநாள் காலை ஐந்தரை மணிக்குக் கோவில் மணி அவர் கையால் ஒலித்தது.

அன்பார்ந்த வாசகர்களே, ஹெப்படைட்டிஸ் சி நோய்க்கு இன்று இந்தப் பாடு இல்லை. புதிய மாத்திரைகள் வந்துவிட்டன. பெரும்பாலோருக்குப் பன்னிரண்டு வாரங்கள் போதும். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் குணமடைகின்றனர். 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெப்படைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் அவை இலவசமாகவும் வழங்கப்படுகின்றன. 2001க்கு முன் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் ஒருமுறையேனும் சோதித்துக்கொள்வது நன்று. ஆனால் மருந்து மனத்தைத் தொடும் செய்தி அதோடு முடியவில்லை. 2004 ஏப்ரலில் தாம்பரம் அரசு மருத்துவமனை உட்பட நாட்டின் சில இடங்களில் எய்ட்ஸ் நோய்க்கு இலவச மருந்து வழங்கும் திட்டம் தொடங்கியது. எண்ணற்ற உயிர்களைக் காத்த திட்டம் அது. அதில் பல ஆண்டுகள் தரப்பட்ட எபாவிரென்ஸ் என்னும் மருந்து சிலருக்குக் கொடுங்கனவுகளையும் தலைசுற்றலையும் மனச்சோர்வையும் தந்தது. பின்னர் டோலுடெக்ராவிர் என்னும் மருந்து பெரும்பாலும் அதன் இடத்தைப் பிடித்தது. அந்நாளில் நம்மிடம் வந்து, இரவில் கனவு துரத்துகிறது என்று அழுதவர்களிடம், அது உன் மனச்சான்றின் உறுத்தல் என்று சொன்ன குருக்களில் நானும் ஒருவன். அவர்களிடமும் இங்கே மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆகவே, வீட்டில் ஒருவர் குணமே மாறிப்போனால், "எத்தனை தடவை?" என்று கணக்கிடுமுன் "எப்போதிலிருந்து?" என்று கேளுங்கள். மருந்தோடு தொடங்கியது என்று தோன்றினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக மருந்தை நிறுத்திவிடாதீர்கள். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் எந்நேரமும் பேசலாம். சிகிச்சைக்கு உள்ளாகிறவர்களே, நீங்கள் வீட்டாரிடம் முன்னமே சொல்லி வையுங்கள். காயப்படுத்திவிட்டால், காரணத்தைப் பிறகு சொல்லுங்கள். மன்னிப்பை முதலில் கேளுங்கள். குற்றமில்லாமலும் ஒருவரைக் காயப்படுத்த முடியும். காயம்பட்டவருக்கு நம் குற்றத்தின் அளவு மருந்தாகாது.

நான் முழுமையாகப் பழைய ஆளாகிவிட்டேனா? இல்லை. உறக்கம் கெட்ட நாள்களில் அந்தப் பழைய வெப்பம் இன்னும் எழும். அப்போது, "இன்னைக்கு எனக்குச் சரியில்லை, நாளைக்குப் பேசலாமா?" என்று சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறேன். மக்கள் புரிந்துகொள்கிறார்கள். அன்றும் புரிந்துகொண்டிருப்பார்கள்.

2014 பிப்ரவரி 11 அன்று சேத்துப்பட்டுக்கு வந்தேன். நோயாளர்களுக்கு எண்ணெய் பூசும் குருக்களோடு நின்றிருக்க வேண்டியவன், அன்று வரிசையில் அமர்ந்தேன். என்னோடு பேருந்தில் வந்திருந்த கோவில்பிள்ளை அருகே அமர்ந்திருந்தார். நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பட்டபோது என் கண்கள் கலங்கின. அவர் தம் தோளிலிருந்த துவாலையை எடுத்து, ஒன்றும் பேசாமல் என்னிடம் நீட்டினார்.